மண் மாதிரி கொடுத்துவிட்டு 26 நாள் காத்திருந்த கதை

மண் பரிசோதனைக்கு என்னைப் போகவைத்தது ஒரு விதைக்கடைக்காரர். "புழுவே விழாத மக்காச்சோளம் வந்திருக்குதுங்க்கா. பில்லு மட்டும் கேட்டுப்போடாதீங்க" என்றார். பையில் கம்பெனிப் பெயரே இல்லை. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை விவசாயி விதைக்க நம் நாட்டில் அனுமதி கிடையாது. 2002-இல் அனுமதி வாங்கி வந்தது பருத்தி. அப்புறம் இது எங்கிருந்து வந்ததாம்? வாங்காமல் வந்துவிட்டேன். ஆனால் ஆசை விடவில்லை.

ஏனென்றால் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு எங்களைப் படுத்திய பாடு அப்படி. 2018-இல் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் முதலில் கண்டார்கள். கொஞ்ச மாதத்தில் எங்கள் குடிமங்கலத்துக் காடுகளிலும் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். எனக்கு மேற்காடு இரண்டு ஏக்கர், சுண்ணாம்புக்கல் ஓடிய செவ்வல். கீழ்க்காடு ஒன்றரை ஏக்கர் கரிசல். ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே மருந்து. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மேற்காடுதான் சல்லடை ஆகும்.

அண்ணன் மகன் அயோவாவில் பயிர்ப் பாதுகாப்பு படிக்கிறான். அந்தப் பில் இல்லாத விதையைப் பற்றிக் கேட்டேன். "ஏனுங்கத்தை, அந்த விதையப் போட்டாலும் உங்க மேக்காட்டுல பாதிப் பலந்தான் இருக்குமுங்க" என்றான். பிறகு அவன் சொன்னது இது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பயிருக்குள் வைக்கிறார்கள். அதனால் இலையில் ஒரு புரதம் ஊறுகிறது, அது புழுவின் குடலை ஓட்டை போடுகிறது. புரதம் என்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். மண்ணில் அது இல்லாவிட்டால் பயிர் எதை வைத்துச் செய்யும்? தழைச்சத்து கூடக் கூட இளம் மக்காச்சோளத்தில் அந்த நஞ்சும் கூடியதை அமெரிக்காவில் அளந்து 2003-லேயே எழுதிவிட்டார்களாம். வறட்சி, தண்ணீர் தேங்குவது, உப்பு மண் இவையும் அளவைக் குறைக்கலாம். அரைகுறை நஞ்சைத் தின்று தப்பிக்கிற புழுதான் அடுத்த தலைமுறையில் அசராத புழு ஆகிறது. நஞ்சே இல்லாத நம் விதைக்கு மட்டும் மண் முக்கியமில்லையா என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி என்று அரசு மண் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். மாதிரிக்கான கட்டணத்தைவிட பஸ் காசு அதிகம். மண்ணை எடுத்த பாடுதான் பெரிசு. வரப்பு ஓரம், மர நிழல், எருக்கொட்டிய இடம் ஆகாது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் V மாதிரி வெட்டி, ஓரத்தைச் சுரண்டிக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்துக் கழித்து, கடைசியில் அரைக்கிலோ துணிப்பையில். நிழலில் உலர்த்த வேண்டும். முதல் தடவை வெயிலில் காயவைத்துவிட்டேன், அங்கிருந்த அம்மிணி சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தது, நியாயம் அவர் பக்கம்.

முடிவு வர 26 நாள். புரட்டாசிப் பட்டம் அதற்காகக் காத்திருக்குமா? அடியுரம் போட்டு முடித்த பிறகுதான் முடிவு எழுதிய அட்டை கைக்கு வந்தது. இதுதான் என் பெரிய குறை. அட்டையும் வெறும் எண்களாக இருந்தது. மறுபடி நேரில் போய் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். ஆனால் போனவளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாகச் சொன்னார்கள், அதையும் எழுத வேண்டும்.

மேற்காட்டுக்கு வந்தது: கார அமிலத்தன்மை 8.4 (காரம் கூடிய மண்), மக்கின பொருளின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் வெறும் 0.32 சதவீதம், தழைச்சத்து குறைவு, துத்தநாகம் பற்றாக்குறை. சுண்ணாம்பு மண் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு பயிருக்குத் தராதாம். வருஷா வருஷம் வெள்ளைக் குருத்து அடித்ததை நான் வெயில் என்று நினைத்திருந்தேன். வளர்ச்சி தேங்கிய பயிர் குருத்துப் பருவத்திலேயே நிற்கும். புழு தின்றதை ஈடுகட்டப் புது இலை விட அதற்குத் தெம்பில்லை.

அதற்காக யூரியாவை அள்ளி வீசினாலும் வம்பு. இலை பஞ்சாகிப் புழுவுக்கு விருந்து ஆகிவிடும் என்று கையோடு எச்சரித்தார்கள். அடியில் கால் பங்கு, 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மிச்சம் என்று பிரித்துப் போடச் சொன்னார்கள். ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவினேன், டி.ஏ.பி உரத்தோடு சேர்க்கவில்லை. ஆட்டுப்பட்டி போட ஆள் கிடைக்காததால் கோழி எருதான். புழு இந்த வருஷமும் வந்தது, இரண்டு தடவை மருந்தும் அடித்தேன். முந்தைய வருஷம் நாலு. மழையும் நன்றாக இருந்ததால் முழுப் பெயரையும் அட்டைக்குக் கொடுக்க மாட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. காலதாமதத்துக்கு ஒன்று, புரியாத அட்டைக்கு அரை கழித்தேன். போகிறவர்கள் அறுவடை முடிந்த கையோடு, சித்திரை வெயிலுக்கு முன்னாடியே போய்விடுங்கள். கீழ்க்காட்டு மண் இப்போது திண்ணை நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.