பைக்கால் இஷ்-46எம்: எம்-சீலும் உப்புத்தாளும் போட்டால் எவ்வளவு தேறும்?

சென்னையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்குபவர் முதலில் மிரள்வது விலையைப் பார்த்துத்தான். ஸ்டெய்ர், மொரினி, வால்தர் என்று ரேஞ்சில் போட்டிக்காரர்கள் கையில் இருப்பதெல்லாம் லட்சத்தைத் தாண்டியவை. அதைவிடக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு பைக்கால் இஷ்-46எம் நல்ல சரக்கு. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்துத் தயாரிப்பு. பேரல் முதல் தரம், பிடி விறகுக்கட்டை. பேரல் பக்கமே போகாமல் பிடியையும் ட்ரிக்கரையும் வீட்டிலேயே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது ரொம்ப நாள் உழைக்கும்.

வீட்டில் கைவைப்பது என்றதும் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். குழல் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாதது என்றால் 2016 ஆயுத விதிகளின்படி ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். தோட்டா போடும் நிஜ பிஸ்டல் அப்படியில்லை. அதை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும்கூட 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வரும். அதற்கென்று தனி உரிமம் உள்ளவர் மட்டுமே தொடலாம். அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் மேசைமேல் கைத்துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு அரத்தால் ராவுவதைப் பார்த்து இங்கே யாரும் இறங்கிவிட வேண்டாம். இஷ்-46எம் அரை கிராம் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, விநாடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 5 ஜூல்கூட வராது. இதன் வேகத்தைக் கூட்டப் பார்ப்பது வீண் வேலை. 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க இருப்பதே போதும்.

இது சிங்கிள் ஸ்ட்ரோக் வகை. பேரலுக்குக் கீழே உள்ள லீவரை முன்னால் இழுத்துத் திரும்ப மூடினால் ஒரு சுடுதலுக்கான காற்று ஏறிவிடும். சிலிண்டர் வேண்டாம், பம்பு வேண்டாம். சென்னைக்கு இதுதான் தோது. சிஓ2 குப்பி போடும் பிஸ்டலில் 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 57 பார் அழுத்தம் இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே நிற்காது, அழுத்தம் எகிறும். ஏசி இல்லாத ரேஞ்சில் மே மாதம் காலையில் ஒரு உயரத்திலும் மதியம் வேறு உயரத்திலும் குண்டு விழுவது இதனால்தான். ஸ்பிரிங் பிஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பிஸ்டன் குதிக்கிற குதியில் முன்னும் பின்னும் உதைக்கும். இஷ் உதைப்பதே தெரியாது. குறை என்னவென்றால், மூடும்போது லீவருக்கு நல்ல பலம் வேண்டும். போட்டியின் 60 ஷாட்டும் அதற்கு முன் சைட்டரும் (கணக்கில் வராத பழகு சுடுதல்) சுட்டு முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

இனி பிடி. பணத்தை விட நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் இது. வருகிற பிடி பெரிய உள்ளங்கைக்குச் செதுக்கியது. நம் ஊர்க் கைக்கு நடுவில் பள்ளம் விழும், விரல்கள் சுற்றி வளைத்தும் எட்டாது. முதலில் மரத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் நிரப்ப வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து பிடியை இன்னும் பருமனாக்கிக்கொள்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வு உட்காரும் வளைவை அரைவட்ட அரத்தால் ஆழப்படுத்துங்கள். கை எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. ட்ரிக்கர் விரல் போகும் பக்கத்தில் மரம் விரலைத் தொடவே கூடாது. தொட்டால் இழுக்கும்போது விரல் மரத்தையும் சேர்த்துத் தள்ளும், குண்டு பக்கவாட்டில் ஓடும்.

நிரப்புவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் என்ற எபாக்சிப் பசை போதும். அதற்கு முன் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் வார்னிஷை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வார்னிஷ் மேல் ஒட்டிய எம்-சீல் ஒரே மாதத்தில் செதில் செதிலாகப் பெயரும். இரண்டு கட்டியையும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசையுங்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகும் என்பதால் நெல்லிக்காய் அளவுக்கு மேல் ஒரே தடவையில் பிசைய வேண்டாம். உள்ளங்கைப் பள்ளத்துக்கு நேராக மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் அப்பி, மேலே மெல்லிய பாலித்தீன் தாள் போட்டு, நிஜமாகக் குறிபார்க்கும் நிலையில் நின்று பிடியுங்கள். உட்கார்ந்துகொண்டு பிடித்தால் மணிக்கட்டுக் கோணம் மாறும், அச்சும் தப்பாக விழும். இறுக்கிப் பிழியவும் கூடாது. பிழிந்த அச்சு பிழிந்தால் மட்டுமே பொருந்தும். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு 120, பிறகு 220 உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்காதீர்கள். நம் ஊர் வியர்வையில் மெருகு போட்ட பிடி வழுக்கும்.

கீழே உள்ள உள்ளங்கைத் தாங்கியை கையின் அடியில் லேசாகத் தொடும்படி வைத்தால் போதும். அதன் ஓரத்தை எம்-சீலால் மேல்நோக்கி வளைத்துக் கட்டினால் கை கச்சிதமாக உட்காரும்தான், ஆனால் போட்டியில் கருவிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கன்ட்ரோல் மேசையில் தள்ளிவிடுவார்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி தாங்கி பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், மேல்நோக்கிய வளைவு கூடாது. மொத்த எடை 1.5 கிலோவுக்குள், மொத்த உருவம் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். இஷ் 1.3 கிலோ. இருக்கிற இடைவெளியை நிரப்ப பேரலில் எடை தொங்கவிடும் ஆசையை முதல் வருஷம் தள்ளிப்போடுங்கள்.

ட்ரிக்கரில் திருகுகள்தான் வேலை செய்ய வேண்டும், அரம் வேண்டாம். ட்ரிக்கரை இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் கொக்கிதான் சியர். அதன் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியது. அதைக் கல்லில் தேய்த்துவிட்டால் அடியில் உள்ள மென்மையான இரும்பு சீக்கிரம் தேய்ந்து, ட்ரிக்கர் தானாக விழத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு திருகு, கால் சுற்று, எத்தனை திருப்பினோம் என்று தாளில் குறிப்பு. விதிப்படி ட்ரிக்கர் குறைந்தபட்சம் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். சோதிக்க ஒரு தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து, கயிறோடு சேர்த்து 520 கிராம் வரும்படி தண்ணீர் ஊற்றுங்கள். பெல்லட் போடாமல் காற்றை மட்டும் ஏற்றி, குழல் செங்குத்தாக மேலே பார்க்க, பாட்டிலை ட்ரிக்கரில் மாட்டித் தரையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். மூன்று முறையும் விழாமல் தாங்க வேண்டும். அந்த 20 கிராம் கூடுதல், போட்டி நாளில் பதற்றத்தைக் குறைக்கும். கடைசியாக, காற்றேற்றிய நிலையில் பிடியின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதிர்ச்சியில் விழுந்தால் சியர் பிடிப்பு போதவில்லை என்று பொருள். திருகைப் பின்னால் கொண்டு வாருங்கள். காற்று ஏற்றாமலே ட்ரிக்கரை மட்டும் காக் செய்யும், அதாவது இழுக்கத் தயாராக்கும், வசதி இதில் உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து வீட்டில் பழக அதைவிட வேறென்ன வேண்டும்?

குறிபார்க்கும் சைட்டில் ஒரே வேலை, பளபளப்பைக் கொல்வது. டியூப்லைட் வெளிச்சத்தில் முன் சைட்டின் மேல்விளிம்பு மின்னினால் கண் ஏமாறும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டுக் கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையில் காட்டினால் சுத்தமான மங்கல் கறுப்பு படியும். பிடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சுடர் ரப்பர் சீல் பக்கம் போகக் கூடாது. கை பட்டால் கரி போய்விடும் என்பதால் ரேஞ்சுக்குக் கிளம்பும் நாளில் செய்வதே சரி.

வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சானாலும் சரி, வேறு எந்த 10 மீட்டர் லேன் ஆனாலும் சரி, முதல் சோதனை கையில் பிடித்து அல்ல. அரிசிப் பை மேல் பிஸ்டலைத் தாங்கவைத்து, ஒவ்வொரு பெல்லட் டப்பாவிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். தட்டைத் தலை பெல்லட் மட்டும். கூர்முனை காகிதத்தைக் கிழிக்கும், மதிப்பெண் பார்க்க முடியாது. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் தலை அளவு 4.49, 4.50 என்று தனித்தனியாகக் கிடைக்கும். எது உங்கள் பேரலுக்கு ஒத்துவரும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். மலிவு பெல்லட் வாங்கினால் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், ஒரே டப்பாவுக்குள் எடை அலைபாயும். ஐந்து துளைகளும் சேர்ந்த குழுவின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு.

அந்த எண்ணை இலக்கோடு வைத்துப் பாருங்கள். பத்து வளையம் 11.5 மி.மீ. விட்டம். கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பத்துதான். ஆக, தாங்கி வைத்துச் சுட்டு 16 மி.மீ.க்குள் குழு போடும் எந்தப் பிஸ்டலும் கணக்குப்படி அறுபதும் பத்து போடக்கூடியது. நல்ல நிலையில் உள்ள இஷ் அதில் பாதிக்குள் நிற்கும். எட்டும் ஏழும் விழுவது ட்ரிக்கரிலும் மணிக்கட்டிலும், பேரலில் இல்லை. லட்ச ரூபாய் பிஸ்டல் வாங்கினாலும் அந்த எட்டு அங்கேயேதான் விழும்.

கைமாறி வந்ததை வாங்குவதாக இருந்தால் சீலைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். லீவரை மூடும்போது கடைசி அங்குலத்தில் திடமான எதிர்ப்பு இருக்க வேண்டும். காற்றேற்றி உடனே ஒன்று சுடுங்கள், அடுத்ததை ஏற்றி இரண்டு நிமிஷம் காத்திருந்து சுடுங்கள். இரண்டாவது கீழே விழுந்தால் கசிவு. சில சமயம் ஒரு சொட்டு சிலிகோன் எண்ணெயில் சீல் மீண்டுவிடும். பைக் செயினுக்குப் போடும் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். காற்றேற்றிய நிலையில் பெட்டியில் வைத்து மூடுவதும் சீலுக்கு எமன். விலையுயர்ந்ததும் நடுவில் படுத்துவிடும் என்பதற்கு 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றில் பழுதானது சாட்சி. வாங்கும்போதே மாற்று ஓ-ரிங் ஒரு செட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இடதுகைக்காரர் என்றால் இடதுகைப் பிடியும். வலதுகைப் பிடியை எம்-சீலால் திருப்பிக் கட்ட முடியாது.