எழுத்துக்கூட்டி வாசிக்க எந்த விளையாட்டு உதவும்?

குழந்தைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தர வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எழுத்து அட்டை, செயலி, மணலில் எழுதுவது, ஒலி வேட்டை, கட்டம் போட்டுக் காய் நகர்த்துவது என்று பட்டியல் நீளும். நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் இவற்றை எடைபோடுகிறேன்: விளையாட்டில் ஒலிகளைச் சேர்த்துப் பார்ப்பது குழந்தையா, வேறு யாராவதா?

அந்தக் கேள்வியில் எழுத்து அட்டை சீக்கிரமே தோற்றுவிடும். 'ம' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மரத்தின் படம் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. படத்தைக் கையால் மறைத்துக் கேளுங்கள், தெரிந்துவிடும். போதாக்குறைக்கு 247 எழுத்துக்கும் அட்டை போட்டால் பெரியவருக்கே அலுத்துப்போகும். 12 உயிர், 18 மெய், துணைக்கால் கொம்பு போன்ற குறிகள் 11, இவை கைவந்தால் பெரும்பகுதி முடிந்தது. கு, டு, மு, கூ, மூ என்று வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். படித்ததை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்க்க அட்டை சரி, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

செயலியும் கிட்டத்தட்ட இப்படித்தான். எழுத்தைத் தொட்டதும் அதுவே ஒலித்துவிடுகிறது, குழந்தைக்கு வேலை மிச்சம். ல, ள, ழ உச்சரிப்பில் வீட்டுப் பெரியவர்களுக்கே தடுமாற்றம் இருந்தால் மட்டும், நல்ல குரல்பதிவு உள்ள செயலி கைகொடுக்கும்.

மணலில் விரலால் எழுதுவது வேறு ரகம். மரியா மாண்டிசோரி உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைத்ததும் இதே நோக்கத்தில்தான். ண, ன போன்ற குழப்பம் தீர நல்லது. ஆனால் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க அது சொல்லித்தராது.

ஒலி வேட்டைக்கு எழுத்தே தேவையில்லை. "ப-வில் தொடங்குவது என்னென்ன இருக்கு, கண்டுபிடி" என்றால் குளிக்கும்போதும் விளையாடலாம், நடக்கும்போதும் விளையாடலாம். பெரும்பாலோர் முதல் ஒலியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது கடைசி ஒலி வேட்டை: 'ல்' என்று முடிவது எது? பல், கால், வால், கடல். தமிழில் எத்தனையோ சொற்கள் புள்ளி எழுத்தில் முடிவதால் இந்தப் பழக்கம் வாசிப்பில் நேராக உதவும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 'மரம்' என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் குழந்தை ம-ரம் என்று இரண்டு தட்டுத்தான் தட்டும். எழுத்தோ மூன்று. இந்த இடைவெளியை அடைக்கக் கட்ட விளையாட்டைவிட நல்லது நான் பார்க்கவில்லை. சோவியத் உளவியலாளர் தனீல் எல்கோனின் வகுத்த முறை இது. தாளில் மூன்று கட்டம், கையில் மூன்று காய். சொல்லை இழுத்துச் சொல்லிக்கொண்டே ஒலிக்கு ஒரு காயைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். தமிழுக்கு, முதலில் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வதே எளிது. 'ம' ஒரு காய், 'ர' ஒரு காய், உதடு மூடி 'ம்ம்ம்' என்னும்போது மூன்றாவது காய். அப்போதுதான் அந்த 'ம்' தனியாக இருப்பது குழந்தைக்குப் பிடிபடுகிறது. தயவுசெய்து 'இம்' என்று சொல்லாதீர்கள். ப-ட-இம் என்று கூட்டினால் 'படம்' எப்படி வரும்? ம், ன், ல் போன்றவற்றை இழுத்து ஒலிக்கலாம், அதனால் அவற்றில் தொடங்குங்கள். க், ட், ப் இழுக்க வராது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காய்க்குப் பதில் எழுத்துச் சில்லுகளை வைத்தால் அதுவே அடுத்த விளையாட்டு. என் ஓட்டு இதற்குத்தான். அட்டையை வெட்டிச் சில்லு செய்தாலே போதும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்: கல் என்பதில் துணைக்காலைச் செருகினால் கால். க-வை எடுத்து ப வைத்தால் பால். துணைக்காலை எடுத்துவிட்டால் பல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குழந்தையே வாசித்தாக வேண்டும், ஊகிக்க அங்கே படம் கிடையாது. அப்படியே படம், பழம், பணம் என்று போகலாம்.

ஒற்றைக்கொம்பை மட்டும் தனிச் சில்லாக வெட்டாதீர்கள். 'செடி'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகக் கூட்டப் பழகும் பிள்ளை அங்கே தடுக்கி விழும். 'செ', 'கொ' எல்லாம் முழு எழுத்தாகவே ஒரே சில்லில் இருக்கட்டும்.

சில்லில் அடுக்கும் சொல் குழந்தை ஏற்கெனவே பேசும் சொல்லாக இருப்பதும் முக்கியம். 'தங்கம்' என்பதை முதலில் க-வை அழுத்தி வாசித்தாலும், கேட்டுப் பழகிய சொல் என்றால் அடுத்த நொடியே தானாகத் திருத்திக்கொள்ளும். நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.