டில்லன் எக்ஸ்எல் 750 ரீலோடிங் பிரெஸ்: 1500 டாலர் போடலாமா?

கடையில தோட்டா விலை ஏறிப்போச்சு, வீட்டிலயே செஞ்சுக்கிட்டா காசு மிச்சமாகும்னு நினைச்சு இந்த மெஷினைப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னா முதல்லயே சொல்லிடறேன், மிச்சமாகாது. எனக்கு ஆகலை. மூணு வருஷமா ஓட்டறேன், கராஜ்ல ஒரு மூலையே இதுக்குப் போச்சு, வீட்டம்மாவோட கார் வெளில டெக்ஸஸ் வெயில்ல காயுது, அதுக்கு வாரம் ஒரு தடவை அர்ச்சனை வேற. சரி அப்ப வித்துடேன்னா, மாட்டேன்.

நான் டல்லாஸ் பக்கம், பொழப்பு சாஃப்ட்வேர், ஞாயித்துக்கிழமை ஆனா யூஎஸ்பிஎஸ்ஏ மேட்ச், அதாவது துப்பாக்கி சுடற போட்டி. ஒரு மேட்ச்சுக்கு 150 ரவுண்ட் (தோட்டா) போகும், நடுவுல பிராக்டிஸ், எல்லாம் சேத்து இப்ப மாசம் 1200 ரவுண்ட் 9 எம்எம் (சாதா கைத்துப்பாக்கி தோட்டா அளவு) சுடறேன். இந்த 1200ங்கற நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, எல்லா கணக்கும் அதுலதான் வந்து நிக்கும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சுட்டு முடிச்சதும் தோட்டாவில குண்டும் வெடிமருந்தும் போயிடும், அதைப் பத்த வைக்கற பிரைமர் (அடியில இருக்கற சின்ன மூடி) செத்துடும், பித்தளை கேஸ் மட்டும் நல்லா இருக்கும். அந்தப் பித்தளையைப் பொறுக்கிட்டு வந்து, பழைய பிரைமரைத் தட்டி, பழைய அளவுக்கு இறுக்கி, புது பிரைமர், மருந்து, குண்டு வச்சு மூடினா புது தோட்டா. சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்னா ஒரு நேரத்துல ஒரு வேலைதான், நூறு கேஸையும் முதல் வேலை முடிச்சுட்டு டையை (கேஸை உருமாத்தற அச்சு) மாத்தி திரும்ப அதே நூறு. புரொக்ரசிவ்ல அடியில ஒரு தட்டு சுத்தும், டவுன் பஸ் மாதிரி ஒருத்தர் ஏற இன்னொருத்தர் இறங்கற கதை, ஒவ்வொரு இழுப்புக்கும் அஞ்சு ஸ்டேஷன்லயும் அஞ்சு கேஸுக்கு வேலை நடக்கும், ஒரு முழு தோட்டா டப்பாவில விழும்.

750 புரொக்ரசிவ்தான், தட்டு தானா சுத்திக்கும். முதல் ஸ்டேஷன்ல பழைய பிரைமர் வெளிய போய் கேஸ் இறுகும், ரெண்டாவதுல புது பிரைமரும் மருந்தும், மூணாவது மருந்து சரியா விழுந்துச்சான்னு பாக்கற இடம், நாலுல குண்டு உக்காரும், அஞ்சுல வாயைக் கொஞ்சம் இறுக்கி அனுப்பிடும். கைப்பிடியைக் கீழ இழுத்து, மேல கொண்டு போய், கடைசியில முன்னாடி ஒரு தள்ளு தள்ளணும். அந்தத் தள்ளுலதான் பிரைமர் உள்ள போகும். ஒழுங்கா உக்காந்தா மெத்துனு ஒரு இடத்துல போய் நிக்கறது உள்ளங்கைக்கே தெரியும், கோணலா போனா கல்லுல இடிச்ச மாதிரி ஒரு நெருடல். அந்த நெருடல் வந்தா நிறுத்திட்டுப் பாக்கணும், பலத்தை போட்டு அமுக்கவே கூடாது, அது உள்ள இருக்கறது வெடிக்கிற சமாச்சாரம். பாதுகாப்புக் கண்ணாடி போடாம இது முன்னாடி உக்காராதீங்க.

இப்ப காசு. நான் வாங்கினப்போ பிரெஸ் மட்டும் ஏறக்குறைய 800 டாலர். அதோட நிக்காது. காலி கேஸை தானா ஊட்டற எலெக்ட்ரிக் கேஸ்ஃபீடர் தனி, அது ஒரு 300க்கு மேல, அது இல்லன்னா கேஸை கையால குழாயில அடுக்கணும், அதுக்கு இந்த மெஷின் எதுக்கு. டை செட், பவுடர் செக் பஸ்ஸர் (மருந்து அளவு தப்பினா கத்தற கருவி), பெஞ்சுல தூக்கி மாட்டற ஸ்டாண்ட், தராசு, காலிப்பர், எல்லாம் சேத்து எனக்கு 1500 தாண்டிடுச்சு. பித்தளையை உருட்டி சுத்தம் பண்ற டம்ளர் மெஷின் இதுல சேரலை, அது சிங்கிள் ஸ்டேஜ் காலத்துலயே இருந்துச்சு. நான் வாங்கின கடைக்காரர் (பேர் வேணாம்) கன்வெர்ஷன் கிட்டை (தோட்டா அளவுக்கு ஏத்த மாதிரி மாத்திப் போடற பார்ட்டுங்க) தப்பா அனுப்பி, அதைத் திருப்பி மாத்த ரெண்டு வாரம் இழுத்தடிச்சார், 1500 ரூபா மெஷின் பூட்டின கோயில் மாதிரி சும்மா நின்னுச்சு. டாலரை ரூபான்னு எழுதிட்டேன், பழக்கம்.

ஒரு ரவுண்டுக்கு என் செலவு: கோட்டட் (மேல பூச்சு போட்ட) குண்டு 9 சென்ட், பிரைமர் 7, மருந்து 3, பித்தளை ரேஞ்ச் தரையில சும்மா கிடைக்குது. மொத்தம் 19. கடையில சுமாரான 9 எம்எம் பெட்டியா வாங்கினா 24 கிட்ட. வித்தியாசம் 5 சென்ட். 1500ஐ 5 சென்ட்டால வகுத்தா 30000 ரவுண்ட். மாசம் 1200ன்னா 25 மாசத்துல போட்ட காசு வந்திருக்கணும், மூணு வருஷம் ஆச்சே, அப்ப லாபம்தானேன்னு கேப்பீங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன். மெஷின் வர்றதுக்கு முன்னாடி நான் மாசம் 500தான் சுட்டேன், கடை விலையிலயே 120 டாலர் செலவு. இப்ப 1200 சுடறேன், 228 டாலர். வீட்டுல செய்யறதுதானேன்னு கை தாராளமாயிடுச்சு. தள்ளுபடில புடவை எடுக்கப் போய் எட்டு புடவையோட வர்றவங்களைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தவன் நான்.

45 ஏசிபி, 10 எம்எம், 38 சூப்பர்னு வேற காலிபர் (தோட்டா அளவு) சுடறவங்களுக்கு கணக்கு வேற, அங்க கடை விலைக்கும் நம்ம செலவுக்கும் இடைவெளி பெருசு, சீக்கிரம் போட்டது திரும்பிடும். சாதா 9 எம்எம் மட்டும்தான்னா சேமிப்புன்னு வீட்டுல சொல்லிட்டு வாங்காதீங்க, மாட்டிக்குவீங்க.

இன்னொன்னு, மெஷின் இருந்தா தட்டுப்பாடு வந்தாலும் கவலை இல்லைன்னு ஒரு பேச்சு உண்டு. 2020ல கொரோனா வந்து ஆளாளுக்கு துப்பாக்கி வாங்க ஆரம்பிச்சப்போ தோட்டாவோட சேந்து பிரைமரும்தான் காணாம போச்சு, ரெமிங்டன் வேற அதே வருஷம் திவால். அப்ப என்கிட்ட சிங்கிள் ஸ்டேஜ் இருந்துச்சு, பித்தளை வாளி வாளியா இருந்துச்சு, பிரைமர் ஒண்ணு கூட இல்லை. முன்ன 3 சென்ட்டுக்கு வாங்கினதை 10 சென்ட்டுக்கு மேல சொன்னான். பிரைமரை வீட்டுல செய்ய முடியாது, அதனால மெஷினை விட கையிருப்பு பிரைமர்தான் முக்கியம். ஆன்லைன்ல வாங்கினா ஒவ்வொரு ஆர்டருக்கும் ஹஸ்மட் (ஆபத்தான சரக்கு) கட்டணம் தனியா விழும், நாங்க நாலு பேர் சேந்து ஒரே ஆர்டரா போட்டுப் பிரிச்சுக்கறோம்.

அப்ப எதுக்குத்தான் வாங்கினேன்? நேரத்துக்கு. சிங்கிள் ஸ்டேஜ்ல மணிக்கு 80 ரவுண்ட் செஞ்சா பெரிசு. 1200க்கு 15 மணி நேரம், ரெண்டு சனிக்கிழமை காலி. 750ல நூறு ரவுண்டை எட்டு நிமிஷத்துல இழுத்துடலாம், ஆனா அந்தக் கணக்கை வச்சு மணிக்கு 700ன்னு நம்பிடாதீங்க. நூறு பிரைமர் தீந்ததும் நிறுத்தி அடுத்த நூறு ரொப்பணும், அதுக்கு பிரைமரைத் தட்டுல கொட்டி ஆட்டி எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பி, ஒரு குழாயை வச்சு கோழி தீனி கொத்தற மாதிரி ஒண்ணொண்ணா கொத்தி எடுக்கணும். அதுக்கு மேல மருந்து ரொப்பறது, பத்து ரவுண்டுக்கு ஒரு தடவை நிறுத்தி எடை பாக்கறது. எல்லாம் சேத்தா எனக்கு மணிக்கு 400. அப்பவும் 1200க்கு மூணு மணி நேரம்தான் ஆகுது, மாசம் 12 மணி நேரம் கைக்கு வருது. என்னை இதை வாங்க வச்ச விஷயம் அதுதான். பித்தளை பொறுக்கி, கழுவி, தரம் பிரிக்கற வேலை எந்த மெஷின் வாங்கினாலும் போகாது.

தரம் பிரிக்கறதைச் சொன்னேன்ல, அதை அசட்டையா விட்டீங்கன்னா புரொக்ரசிவ் பழி வாங்கும். 9 எம்எம் குவியல்ல 380ங்கற இன்னொரு தோட்டாவோட கேஸ் ஒண்ணு கலந்திருக்கும், பாக்க அச்சு அசலா அதே மாதிரி, ரெண்டு மில்லிமீட்டர் குட்டை, அவ்ளோதான். ராணுவ சரக்குல பிரைமர் குழியைச் சுத்தி நசுக்கி வச்சிருப்பாங்க, அதுல புது பிரைமர் இறங்காது. அப்படி ஒண்ணு மாட்டினா அஞ்சு ஸ்டேஷனும் நிக்கும், மத்த நாலு கேஸ் எந்த நிலைமையில இருக்குன்னு மனசுல குழம்பாம ஒண்ணொண்ணா வெளிய எடுக்கணும். பெரிய ஆபத்து அந்த மாதிரி நிறுத்தற நேரத்துலதான் வரும், ஓட்டற நேரத்துல இல்லை.

என் கதை அப்படித்தான். போன வருஷம் ஒரு ராத்திரி, மறுநாள் மேட்ச், பவுடர் செக் பஸ்ஸருக்கு பேட்டரி செத்து ஒரு மாசம் ஆச்சு, நாளைக்கு மாத்திக்கலாம் நாளைக்கு மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு கேஸ் மாட்டி நிறுத்தினப்போ மருந்து விழாத கேஸ் ஒண்ணை அடுத்த ஸ்டேஷனுக்கு நானே தள்ளி விட்டிருக்கேன். மறுநாள் மேட்ச்ல மூணாவது கட்டத்துல சுடறப்போ பொட்டு வெடி மாதிரி 'பட்'னு ஒரு சத்தம், துப்பாக்கி உதைக்கவே இல்லை. அடுத்ததை ஏத்திச் சுட கை போறதுக்குள்ள பின்னாடி நின்ன ரேஞ்ச் ஆபீசர் நிறுத்துன்னு கத்திட்டார். கழட்டிப் பாத்தா குண்டு பேரல் நடுவுல சிக்கிக்கிட்டு இருக்கு. பித்தளைக் கம்பியை வச்சு தட்டித்தான் வெளிய எடுத்தோம். அந்த மனுஷன் கத்தலைன்னா அடுத்த குண்டு அதுல மோதி பேரல் கையிலயே வெடிச்சிருக்கலாம். முழுத் தப்பும் என்னுதுதான், ஒரு பேட்டரி சோம்பேறித்தனம். இப்ப பஸ்ஸரும் இருக்கு, குண்டு வைக்கறதுக்கு முன்னாடி கேஸுக்குள்ள எட்டிப் பாக்க ஒரு சின்ன எல்ஈடி லைட்டும் ஒட்டி வச்சிருக்கேன்.

மெஷினா பாத்தா 750 நல்ல சரக்கு. டில்லனோட முந்தைய மாடல் 650ல கேஸ் வந்தாலும் வராட்டியும் பிரைமர் தட்டு நகந்துக்கிட்டே இருக்கும், வீணாப் போனது ஒரு சரிவுல உருண்டு கீழ விழும். 2019ல வந்த 750ல அதை மாத்திட்டாங்க, கேஸ் இல்லன்னா பிரைமர் அங்கயே காத்திருக்கும். தட்டு சுத்தி நிக்கறப்போ ஒரு வெட்டு வெட்டும்னு எல்லாரும் சொல்ற குறை உண்மைதான், கேஸ் நிறைய மருந்து போடற ஆளுன்னா ரெண்டு துளி சிந்தும், மெதுவா இழுத்தா சரி. உடைஞ்ச பார்ட்டுக்கு வாழ்நாள் வாரண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கும் உண்டு, அதனாலதான் பழைய டில்லன் கூட விலை இறங்காம நிக்குது.

தோட்டாவை எனக்குத் தேவையான வேகத்துக்கு செஞ்சுக்கலாம்ங்கறதும் இதை வச்சிருக்கறதுக்கு ஒரு காரணம். எங்க ஆட்டத்துல பவர் ஃபேக்டர்னு ஒண்ணு, குண்டு எடையை (கிரெய்ன்ல) வேகத்தால (நொடிக்கு எத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால வகுத்தா மைனர்ங்கற பிரிவுக்கு குறைஞ்சது 125 வரணும். கடைத் தோட்டா நிறைய அதுக்கு ரொம்ப மேல போகும், கை உதறும். 147 கிரெய்ன் குண்டை நொடிக்கு 890 அடி வேகத்துல அனுப்பினா 130 சொச்சம், பாஸும் ஆகும், உதையும் மெத்துனு இருக்கும். மருந்து அளவை லோட் மேனுவல் (அளவு போட்ட புத்தகம்) பாத்து கீழ இருந்து ஆரம்பிங்க, ரேஞ்ச்ல யாரோ சொன்னாங்கன்னு போடாதீங்க.

டில்லனோட பெரிய மாடல் 1100 வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: எட்டு ஸ்டேஷன், நசுங்கின பிரைமர் குழியை அதுவே சரி பண்ணும், கேஸ்ஃபீடர் கூடவே வரும், விலை 2000க்கு மேல. ஒரே காலிபர் மாசம் 2000, 3000 சுடறவருக்கு சரி. காலிபர் மாத்தி மாத்தி செய்யறவருக்கு அது தலைவலி, மாத்தற செலவும் நேரமும் அதிகம். நாலு பேர் குடும்பத்துக்கு ஓட்டல் கிரைண்டர் வாங்கற கதை. மாசம் 400, 500தான்னா டில்லன் 550 போதும், தட்டை கையால சுத்தணும், ஆனா என்ன நடக்குதுன்னு கண்ணு முன்னாடி தெரியும், கத்துக்க அதுதான் நல்லது. ஹார்னடி கம்பெனியோட லாக்-என்-லோட் ஏபி பிரெஸ்ஸும் அஞ்சு ஸ்டேஷன், தட்டு பாதி மேல போறப்பவும் பாதி கீழ வர்றப்பவும் சுத்தும், மருந்து அவ்வளவா சிந்தாது. 200, 300 சுடறவங்க பேசாம கடையில பெட்டி வாங்கிட்டுப் போங்க.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. அமெரிக்காவில சொந்த உபயோகத்துக்கு செய்ய ஃபெடரல் லைசென்ஸ் வேணாம், வியாபாரமா செஞ்சு வித்தா வேணும். ஊர்ல இருந்து மச்சான் இதை வீடியோ கால்ல பாத்துட்டு ஒண்ணு அனுப்பி வைங்க மாமான்னான், லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யக் கூடாதுங்கற இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டம் அஞ்சாவது பிரிவை ஒரு தடவை படிச்சுட்டு வாடான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் வீட்டுல சின்னப் பசங்க இருந்தா ஈயத்தை மறக்காதீங்க. பிரைமர் புகையில ஈயம் இருக்கு, பழைய பித்தளையை உமியில உருட்டினா அந்தத் தூசுல முழுக்க அதுதான். நான் உமி போட்டு உருட்டற அந்த டம்ளர் மெஷினை வித்துட்டு தண்ணில கழுவறதுக்கு மாறிட்டேன், கராஜ் சட்டையை கராஜ்லயே கழட்டிட்டுத்தான் உள்ள போவேன். கார் இன்னும் வெளிலதான் நிக்குது.