86,500 ரூபாய் கட்டினேன், சொன்ன கிராபிக்ஸ் கார்டு வரவில்லை: தயார்நிலை டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

பெங்களூரில் வேலைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கணினியாக, பாகங்களெல்லாம் பூட்டித் தயாராக வரும் டெஸ்க்டாப்பை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். 86,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கணினியில் சொன்ன கிராபிக்ஸ் கார்டு இல்லை, புதியது என்று கொடுத்த எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) புதியதில்லை, கேட்டால் பொறுப்பாகப் பதில் சொல்ல ஆளும் இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பாகங்களைத் தாங்களே சேர்த்து, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் வைத்த பெட்டிகளாக இணையத்தில் விற்கும் கடை அது. நகரின் தெற்குப் பகுதியில் ஒரு மாடியில் காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

உள் அலங்கார வடிவமைப்பாளர்களுக்கு முப்பரிமாணக் காட்சிப்படங்கள் செய்துகொடுப்பது என் தொழில். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு காட்சியைக் கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு ரெண்டர் செய்யும்போது, அதாவது முழுப் படமாக மாற்றும்போது, அந்த அறையின் சுவர், மரம், திரைச்சீலை, விளக்கு என எல்லாவற்றின் தரவும் கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நினைவகம் போதவில்லை என்று வேலை பாதியில் நின்றுவிடும், இல்லையென்றால் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். என் காட்சிகள் பெரும்பாலும் 10 ஜி.பி.யைத் தொடுபவை என்பதால், 12 ஜி.பி. நினைவகம் உள்ள கார்டு வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனையாக இருந்தது. இரவில் தம்பி விளையாடுவதற்கும் 1080பி திரையில் அதுவே தாராளமாகப் போதும்.

வாங்குவதற்கு மூன்று வழிகள் இருந்தன. பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வசதி உண்டு. ஆனால் பல மாடல்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அவர்களுடைய தனி அளவில் இருப்பதால், பின்னாளில் ஒரு பாகத்தை மாற்றுவது கடினம், என் பட்ஜெட்டில் 12 ஜி.பி. கார்டும் அவற்றில் கிடைக்கவில்லை. எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கிச் சேர்த்தால் விலை குறையும், ஒவ்வொரு பாகத்தின் பெட்டியும் பில்லும் கையில் இருக்கும். ஆனால் எது கெட்டாலும் அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது, இப்படிப்பட்ட தயார்நிலைக் கடை. எந்தப் பாகம் பழுதானாலும் மூன்று வருடங்களுக்கு நாங்களே பொறுப்பு என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கெடு வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு வரிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று தோன்றும்.

அந்தப் பக்கத்தில் இருந்த விவரம் இது: இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், 32 ஜி.பி. ரேம், என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு 12 ஜி.பி., 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் வெண்கல (Bronze) தரச் சான்று பெற்ற 650 வாட் பவர் சப்ளை, விலை 86,500 ரூபாய். பணம் கட்டும் முன் அவர்களுடைய விற்பனை எண்ணை அழைத்தேன். எடுத்த இளைஞர் முதலில் கன்னடத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசினார். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், "நீங்க தமிழாக்கா?" என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றேன். "அப்ப பக்கத்து ஊர்தான்கா, நான் வாணியம்பாடி. நம்ம ஆளுங்க வாங்கறப்ப நான் சும்மா விட மாட்டேன், உங்க பில்டை நானே பக்கத்துல நின்னு பார்த்து அனுப்பறேன்" என்றார். கார்டு 12 ஜி.பி.தானா என்று கேட்டேன். என்ன வேலைக்கு, ஏன் 12 வேண்டும் என்பதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பன்னெண்டுதான்கா, கண்டிப்பா. வேணும்னா போட்டோ அனுப்பறேன்" என்று சொல்லி, சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கார்டின் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினார். பெட்டியின் மூலையில் 12 ஜி.பி. என்று தெளிவாகத் தெரிந்தது. அதோடு, "கிரெடிட் கார்டுல போட்டா ரெண்டு பர்சன்ட் கூட வரும்கா, யு.பி.ஐ.யில போட்டுடுங்க" என்றும் சொன்னார். போட்டேன்.

எத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தாலும், ஒரு கடையின் எண்ணை அழைத்து அந்தப் பக்கத்திலிருந்து நம் மொழியில், ஊர் விசாரித்து, அக்கா என்று கூப்பிட்டு ஒருவர் பேசும்போது மனம் இளகத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டே அந்த இளைஞர் பேசினார் என்பதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக வயிறு எரிகிறது. அவர் அனுப்பிய படத்தில் இருந்த பெட்டி எனக்கு வரவே இல்லை. "பெட்டிங்க எல்லாம் சேர்த்து அனுப்பினா பார்சல் பெரிசாயிடும்" என்று சொல்லி எந்தப் பாகத்தின் அட்டைப்பெட்டியையும் அனுப்பவில்லை.

கணினி வந்தது, ஓடியது, தம்பி விளையாடியும் பார்த்தான். வொயிட்ஃபீல்டில் ஒரு வீட்டின் கூடமும் சமையலறையும் சேர்ந்த காட்சியை ரெண்டருக்குப் போட்டபோதுதான், கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பிளெண்டர் நின்றது. அதே கோப்பு, என் தோழியின் 12 ஜி.பி. 3060 கார்டில் தடங்கலில்லாமல் முடிந்த கோப்பு. உடனே ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தேன். மேலே ஆர்.டி.எக்ஸ். 3060 என்று இருந்தது. கீழே நினைவக அளவு 8192 எம்.பி., பஸ் அகலம், அதாவது நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம், 128 பிட்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். என்விடியா 2021இல் வெளியிட்ட 3060 கார்டில் 12 ஜி.பி. நினைவகமும் 192 பிட் பஸ்ஸும் உண்டு. நொடிக்கு 360 ஜி.பி. தரவு போய்வரும். 2022இன் பிற்பகுதியில் அதே 3060 என்ற பெயரிலேயே 8 ஜி.பி., 128 பிட் கார்டு ஒன்றும் வந்தது. அதில் நொடிக்கு 240 ஜி.பி.தான். நினைவகத்திலும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, வேகத்திலும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று; பெயர் மட்டும் மாறவில்லை. ஆர்.டி.எக்ஸ். 3050இலும் இப்படித்தான்: 8 ஜி.பி. ஒன்று, 2024இல் வந்த 6 ஜி.பி. ஒன்று, அந்த 6 ஜி.பி. கார்டில் உள்ளிருந்து கணக்கிடும் கோர்களே குறைவு. 4060 டி.ஐ. கார்டிலும் 8, 16 என்று இரண்டு உண்டு. பெட்டி பூட்டியபடி வரும் கணினியில், வெளியே இருந்து பார்த்து இவற்றில் எது உள்ளே இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

கார்டு இப்படி என்றதும் மற்றவற்றையும் பார்த்தேன். ரேம் சொன்னபடி 16 ஜி.பி.யில் இரண்டு இருந்தது. பவர் சப்ளையின் ஒட்டுத்தாளில் 650 வாட் என்று இருந்ததே தவிர, 80 பிளஸ் முத்திரை எங்கும் இல்லை. எஸ்.எஸ்.டி.யைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தபோது, அது மின்சாரத்தில் இருந்த நேரம் 7,412 மணி என்று காட்டியது. ஏறத்தாழ பத்து மாதம் இரவு பகலாக வேறு எங்கோ ஓடிய எஸ்.எஸ்.டி.யை, முகப்பில் பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்காத புதுக் கேபினெட்டுக்குள் பூட்டி, 86,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வாணியம்பாடி இளைஞருக்கு ஜி.பி.யூ.-இசட் படத்தை அனுப்பினேன்; நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை, அதன்பின் என் அழைப்பையும் எடுக்கவில்லை. கஸ்டமர் கேரில் சாட் செய்தால், உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். போனில் கிடைத்த ஒருவர், 3060 கேட்டீர்கள், 3060 கொடுத்திருக்கிறோம் என்றார். எஸ்.எஸ்.டி.யின் 7,412 மணி பற்றிக் கேட்டதற்கு, தொழிற்சாலையில் சோதித்திருப்பார்கள் என்றார். பத்து மாதம் சோதிப்பார்களா என்றதற்கு, மேலே சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

காட்சிக்கூடத்துக்கே போனேன். மேலாளர் அவர்களுடைய இணையப் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். இருப்பைப் பொறுத்து ஒரு பாகத்துக்குப் பதிலாக அதற்குச் சமமான அல்லது மேலான பாகத்தை வைக்கலாம் என்று அதில் இருந்தது. 12க்கு 8 எப்படிச் சமம் என்று கேட்டேன். "விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது மேடம்" என்றார். பக்கத்தில் 12 என்று எழுதியிருந்ததே என்று தேடினால், இப்போது அந்தப் பக்கத்தில் வெறும் ஆர்.டி.எக்ஸ். 3060 என்று மட்டும்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா என்றால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்றார். பிரிக்காமல் கணினியை எப்படி ஓட்டிப் பார்ப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில், கார்டை மட்டும் கழற்றிக் கொடுங்கள், சோதனைக்கு அனுப்புகிறோம், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஐ5-12400எஃப் பிராசஸரின் பெயரில் கடைசியாக இருக்கும் அந்த எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதைக் குறிப்பது. கார்டைக் கழற்றினால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. அதாவது மூன்று வாரம் என் தொழில் நிற்க வேண்டும், அதற்கு அவர்களிடம் மாற்றுக் கார்டும் இல்லை. மூன்று வருட வாரன்டி என்று பெரிய எழுத்தில் போட்டவர்களின் பொறுப்பு இதுதான்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். 86,500 ரூபாய், அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக ஏறத்தாழ 13,195 ரூபாய். பொருள் விவரம் என்ற கட்டத்தில் 'அசெம்பிள்டு டெஸ்க்டாப் - 1' என்று ஒரே வரி. எந்தப் பாகத்தின் மாடலும் இல்லை, எந்தப் பாகத்தின் வரிசை எண்ணும் இல்லை. பெட்டிகளை ஏன் அனுப்பவில்லை என்பது அந்த ஒரே வரியைப் பார்த்தபோது விளங்கியது. பெட்டியும் வரிசை எண்ணும் கையில் இருந்தால், கார்டு நிறுவனத்திடமே நேராகக் கேட்டு எது எப்போது விற்றது என்று தெரிந்துகொள்ள முடியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை முறையற்ற வணிகச் செயல் என்று தெளிவாகச் சொல்கிறது. இணையத்தில் விற்பவர்கள் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் ஒரு வரிப் பதிலும் இல்லை. உதவி எண்ணில் தீராவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது, அதனால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கார்டின் பெயரோடு நினைவக அளவும் பஸ் அகலமும், பிராசஸரின் முழு எண்ணும், பவர் சப்ளையின் நிறுவனமும் மாடலும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'ஐ7 கணினி' என்று மட்டும் போட்டு மலிவாக விற்பவர்களிடம் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும், பெட்டிகள் உங்களிடம் வர வேண்டும். விற்பனைப் பக்கத்தைப் பணம் கட்டும் அன்றே படமெடுத்து வையுங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் எஃப் இல்லாத பிராசஸரையே கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பொருள் சொன்னபடி இல்லை என்று வங்கியிடம் முறையிட வழி உண்டு, யு.பி.ஐ.யில் நாமே அனுப்பிய பணத்துக்கு அது அவ்வளவு எளிதில்லை, அதனால்தான் அந்த இரண்டு பர்சன்ட் பேச்சு. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து ஜி.பி.யூ.-இசட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவும் காட்டுவது வரை ஒரே காணொளியாக எடுங்கள்.

காட்சிக்கூடம் வைத்திருக்கும் இதே மாதிரிக் கடையில் 3060 கணினி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றே ஜி.பி.யூ.-இசட்டைத் திறந்து 8192 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் பில்லோடு 1915ஐ அழையுங்கள். நான் தோழியின் கணினியில் வொயிட்ஃபீல்டு வேலையை முடிக்கப் போகிறேன், நாளைக்குள் கொடுத்தாக வேண்டும்.