ராபர்ட்டோ கிளெமென்ட்டே கார்டு: 1955-ஐ விட 1973 ஏன் மேல்

அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்ட்டேவுக்கு, ஆட்டக்காரர் படமும் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட பேஸ்பால் கார்டை டாப்ஸ் நிறுவனம் 1955 முதல் 1973 வரை ஆண்டு தவறாமல் போட்டது. அவர் நினைவாக ஒன்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பும் ரசிகர்கள் நேராகப் போய் நிற்பது முதல் கார்டிடம்தான், அதாவது 1955 செட்டின் (அந்த ஆண்டு வந்த கார்டுகளின் முழுத் தொகுப்பின்) 164-ம் எண். எங்கள் ஓட்டு கடைசிக் கார்டுக்கு. 1973, 50-ம் எண்.

1955 கார்டு அழகில் சளைத்ததல்ல. படுக்கைவாட்டு அமைப்பு, பெரிதாக ஒரு முகம், பக்கத்தில் சின்னதாக முழு உருவம், முன்பக்கத்திலேயே அச்சிட்ட கையெழுத்து. சிக்கல் விலையில் தொடங்குகிறது. ஒரு செட் பல தொடர்களாகப் பிரித்து வெளிவரும்; 161 முதல் 210 வரையிலான எண்கள் அந்த செட்டின் கடைசித் தொடர். முந்தைய தொடர்களைவிட இவை அரிது. மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்த கார்டுக்கே பேச்சு ஆயிரம் டாலர் கணக்கில்தான். அதனாலேயே போலிகளும் ஏராளம்.

போலியைப் பிடிக்க முதலில் எடுக்க வேண்டியது அளவுகோல். 1955 டாப்ஸ் கார்டு 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம். இன்றைய வழக்கமான 2½ × 3½ அளவில் இருந்தால் அது மறுபதிப்பு, மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. (1998-ல் டாப்ஸே அவருடைய பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டு விட்டது. அவை ஏமாற்று வேலை அல்ல. பழையது என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்தான் ஏமாற்றுக்காரர்.) அளவு சரியாக இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கையெழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு மை தனித் தகட்டில் அச்சானது என்பதால் கோடு முழுக் கறுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் அதே கோடு புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். அடுத்தது புற ஊதா விளக்கு. இக்காலத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். பழைய அட்டை மங்கலாகவே கிடக்கும். அசலிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. தேய்ந்த மூலையை மறைக்க ஓரத்தைச் சீவிவிடுவார்கள். அறுபது வயது தாண்டிய கார்டின் ஒரு பக்கம் மட்டும் புதுப் பிளேடு வெட்டுப்போல இருந்து, அளவும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விலகிவிடுங்கள். கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை தரம் குறிக்கும் நிறுவனங்கள் அதற்கு எண் தரமாட்டார்கள்.

1973-க்கு வருவோம். 1957 முதல் 1969 வரை டாப்ஸ் இவர் பெயரை ஆங்கிலப்படுத்தி ‘பாப் கிளெமென்ட்டே’ என்றே அச்சிட்டு வந்தது. புவெர்ட்டோ ரிக்கோக்காரரான அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதின்மூன்று கார்டுகளை நினைவுப் பொருளாக வாங்க எங்களுக்கு மனம் ஒப்பாததற்கு அதுவே போதும். 1973-ல் அவர் பெயர் ராபர்ட்டோதான். பின்பக்கக் கணக்கில் மொத்தம் 3,000 ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்வது). கடைசி ஹிட் 1972 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மாட்லாக் வீசிய பந்தில் அடித்த டபுள், அதாவது இரண்டாம் தளம் வரை ஓடிச் சேர்ந்த ஹிட். டிசம்பர் 23-ல் நிகராகுவாவின் மனாகுவாவைப் பூகம்பம் சிதைத்தது. தான் அனுப்பிய நிவாரணப் பொருள்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே உடன் போவதென்று 31-ம் தேதி இரவு சான் ஹுவானில் விமானம் ஏறினார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய அந்த டிசி-7 கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. இந்தக் கார்டு கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆட்டம் முடித்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டதும் அதே 1973-ல்தான்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு வெட்டு பல கார்டுகளில் கோணல். வெள்ளை ஓரம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் நூலாக நிற்கும். சூயிங் கம்மோடு மெழுகுத்தாள் பொட்டலத்தில் வந்ததால் மெழுகுக் கறையோ சூயிங் கம் கறையோ இருக்கலாம். கறை முன்பக்கம் இருந்தால் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விற்பவரிடம் சாய்வுக் கோணத்தில் ஒரு படம் கேளுங்கள். தரம் 9-க்கு ஆசைப்படுவது வீண் செலவு. ஓரம் ஓரளவு சமமாக உள்ள 5 அல்லது 6 போதும், விலையும் 1955-க்குப் பக்கத்திலேயே வராது.

வைத்திருக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 1973 கார்டு சாதாரண மெல்லிய உறை, டாப்லோடர் எனும் கெட்டி பிளாஸ்டிக் உறை எதிலும் பொருந்தும். ஒன்பது பை கொண்ட ஆல்பத் தாளிலும் போகும். இதையும் மீறி 1955-தான் வேண்டும் என்பவர்கள் அதே உறையில் திணித்தால் நான்கு மூலையும் நசுங்கும். 1952–56 அளவுக்கென்றே விற்கும் உறையும் எட்டுப் பை தாளும் கேட்டு வாங்குங்கள். பிவிசி பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஆல்பத் தாள் இரண்டு கார்டுக்குமே ஆகாது, நாளாக நாளாக அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.