வேலுக்குக் கீழே விளம்பரம்

சென்ற ஆண்டு தைப்பூசக் காவடி அழைப்பிதழை 200 பிரதி எடுத்துக்கொண்டு, இங்கே மொரிஷியஸில் எங்கள் கோவிலுக்குப் போனேன். செயலாளர் ஐயா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "டீச்சர், வேலுக்குக் கீழே இது என்ன?" பொடி எழுத்தில், நான் அழைப்பிதழைத் தட்டச்சு செய்த செயலியின் விளம்பரம். "எங்களோடு எழுதுங்கள், இலவசம்!" பிரதிக்கு 3 ரூபாய், 600 ரூபாய் குப்பைக்குப் போனது. அந்த வரியை நீக்க மாதச் சந்தா கட்ட வேண்டுமாம். போதாக்குறைக்கு, நான் கொடுத்த மின்னஞ்சலுக்குக் கடன் விளம்பரங்கள் வரத் தொடங்கின. முருகன் பெயரைச் சொல்லி எனக்குக் கடன்!

அதன்பிறகுதான் கடிதம், கணக்கு எல்லாம் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருளுக்கு மாறினேன். ரோஸ் ஹில்லில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கான வினாத்தாள், கோவில் கணக்கு எல்லாம் இப்போது அதில்தான். இறக்கிவைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. கணக்குத் திறக்கச் சொல்வதில்லை. நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியில் "கோப்பு" என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதால் இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் கட்டற்றதற்கும் "ஃப்ரீ" என்று ஒரே சொல் என்பதால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 2010இல் ஓப்பன் ஆபிஸ் என்ற இதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது இது. பெர்லினில் உள்ள ஓர் அறக்கட்டளை நடத்துகிறது; நன்கொடை கேட்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை.

செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த பத்து ஆண்டு வினாத்தாள்கள், இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. அது இந்த மென்பொருளின் குற்றமில்லை, ஆனாலும் அவற்றை மாற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஏதாவது சிக்கிக்கொண்டால் தொலைபேசியில் அழைத்துத் திட்டுவதற்கும் ஆள் இல்லை; தொண்டர்கள் அவகாசம் கிடைத்தபோது பதில் சொல்கிறார்கள்.

காவடியன்று வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறோம், யாரிடமும் காசு கேட்பதில்லை. பருப்பு மூட்டை எப்படி வந்தது என்று சமையல்கட்டில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். நான் பல ஆண்டுகள் அங்கே வெங்காயம் நறுக்கியவள். அதனால் 10 யூரோ அனுப்பினேன், நம் பணத்தில் 500 ரூபாய் சொச்சம். குப்பைக்குப் போன 200 தாளைவிடக் குறைவுதான். அடுத்த ஆண்டும் அனுப்புவேன். சந்தா கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு குறை மட்டும். அட்டவணை உள்ள வினாத்தாளை மைக்ரோசாஃப்ட் வேர்டு வைத்திருக்கும் சக ஆசிரியைக்கு அனுப்பினேன். கோடுகள் இடம் பெயர்ந்து, "பொருத்துக" பகுதியில் யானைக்கு நேராகக் கூடு வந்து நின்றது. இப்போது பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன். திருத்த வேண்டுமென்றால் அவரே என் வீட்டுக்கு வந்துவிடுகிறார், தேநீருக்கும் சேர்த்து.