ஓக் புகை போட்ட கோதுமை பீர்: பல வருஷமா வீட்ல க்ரோஜிஸ்கே காய்ச்சுறவனோட அனுபவம்

பழங்கால பீர் வகைகள்ல ஏதாவது ஒண்ண வீட்ல காய்ச்சிப் பாக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்னு கேக்கறவங்களுக்கு நான் யோசிக்காம சொல்றது க்ரோஜிஸ்கே தான். முதல்லயே ஒரு விஷயம், தமிழ்நாட்டுல வீட்ல பீர் காய்ச்சுறது சட்டப்படி குத்தம், நான் இருக்கறது இங்கிலாந்துல, இங்க 1963லேர்ந்து சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமலே காய்ச்சலாம், அதனால இது அனுமதி இருக்கற ஊர்ல இருக்கறவங்களுக்காக எழுதுறது.

இது போலந்துல க்ரோஜிஸ்க்னு ஒரு சின்ன டவுனோட பீர். பார்லியே கிடையாது, முழுக்க முழுக்க கோதுமை மால்ட் (முளை கட்டி காய வைக்கற தானியம்), அதையும் ஓக் கட்டைய எரிச்சு அந்தப் புகையிலதான் காய வைப்பாங்க. ஆல்கஹால் 3 சதவீதம் பக்கம்தான், ஆனா கேஸ் தூக்கலா இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அதனால போலந்து ஷாம்பெயின்னே பேரு வாங்கிடுச்சு. நூத்துக்கணக்கான வருஷம் ஓடின சரக்கு 1993ல ப்ரூவரி மூடினதோட கடையிலேர்ந்து காணாமப் போச்சு. அங்க இருக்கற ஹோம்ப்ரூ ஆளுங்க பழைய ஈஸ்ட், பழைய செய்முறை எல்லாம் தேடிப் புடிச்சு இத சாக விடாம வச்சிருந்தாங்க, 2015ல அதே ஊர்ல ப்ரூவரி திரும்பத் தொறந்தாச்சு. வீட்ல காய்ச்சுறவங்க ஒரு பீர காப்பாத்தினாங்கன்னு நினைக்கறப்ப எனக்கு இன்னிக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு.

என்னோட அளவு 20 லிட்டருக்கு ஓக் புகை கோதுமை மால்ட் 2.7 கிலோ, லூப்ளின் ஹாப்ஸ் (பீருக்கு கசப்பு தர்ற பூ) ஒரு 45 கிராம், சுத்தமா புளிக்கற ஏதாவது ஏல் ஈஸ்ட். ஆரம்ப கிராவிட்டி, அதாவது புளிக்கறதுக்கு முன்னாடி சர்க்கரை கரைஞ்ச சாறோட அடர்த்தி, 1.030 சுத்தி வரும். க்ரோஜிஸ்க் ஈஸ்ட்டே சில கம்பெனிங்க விக்கறாங்க, கிடைச்சா அத வாங்குங்க, கிடைக்கலன்னா அதுக்காக காத்திருக்க வேண்டாம்.

இதுல உண்மையான வேலை மேஷ்லதான், அதாவது மால்ட்ட வெந்நீர்ல ஊற வச்சு சாறு வடிக்கறதுல. கோதுமைக்கு பார்லி மாதிரி உமி கிடையாது, வெந்நீர்ல ஊறினதும் மாவு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடியில இறுகிடும், குழாயத் திறந்தா சொட்டு சொட்டாதான் வரும், அப்புறம் நின்னே போயிடும். இதுக்கு மருந்து நெல் உமி, 200 கிராம் அலசிட்டு மால்ட்டோட கலந்துடுங்க, உமிக்கு சத்தும் இல்ல ருசியும் இல்ல, தண்ணி போக வழி விடறது மட்டும்தான் அதோட வேலை. நான் 40 டிகிரில ஒரு தடவை, 52ல ஒரு தடவை நிறுத்திட்டு அப்புறம்தான் 60களுக்கு ஏத்தி, 70 தாண்டி முடிக்கறேன், குறைஞ்ச சூட்டுல நிறுத்தற அந்த ரெண்டும் இருந்தா கொழகொழப்பு குறைஞ்சு வடியறது நல்லாவே தெரியும். அவசரப்பட்டு குழாய முழுசா திறக்காதீங்க, நூல் மாதிரி ஓட விடுங்க. அப்புறம் வடிச்ச சாறுக்கு ரெண்டு மணி நேரம் கொதி. இவ்ளோ லேசான பீருக்கு எதுக்குன்னு தோணும், பழைய முறை நீளமான கொதிதான், நான் அதையே வச்சிருக்கேன்.

புகை பத்தி. ஜெர்மன் ரவுஹ்பியர் (புகை பீர்) குடிச்சவங்க அந்த பேக்கன் (புகை போட்ட பன்னி கறி) வாசனைய எதிர்பாப்பாங்க, அது பீச் (beech) மரப் புகை. ஓக் புகை மெலிசு, உலர்ந்தது, மூக்குல தட்டிட்டு ஒதுங்கிடும். ஆனா மால்ட் பழசாயிட்டா அந்தப் புகையும் போயிடும், ஒரு கடையில எனக்கு வந்த மூட்டையில மோந்து பாத்தா கோதுமை வாசனை தவிர ஒண்ணுமே இல்ல, பீரும் சப்புனு இருந்துச்சு. வாங்கினா சீக்கிரம் காய்ச்சிடுங்க, வருஷக்கணக்கா வைக்கற சரக்கு இல்ல இது.

தெளிவுக்கு அந்தக் காலத்துல மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுத்த ஐசிங்கிளாஸ் போடுவாங்க. சைவம் பாக்கறவங்க வீட்டுக்கு வர்றதால நான் அதத் தொடறதே இல்ல, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு வாரம் சும்மா வச்சா போதும், முக்கால்வாசி தெளிஞ்சிடும்.

பாட்டில் விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. கேஸ் வர்றதுக்காக பாட்டில்ல அடைக்கறப்ப லிட்டருக்கு 8, 9 கிராம் சர்க்கரை போடறோம், அந்த அழுத்தம் சாதா பீர் பாட்டிலுக்கு ரிஸ்க். கனமான ஷாம்பெயின் பாட்டில் தான் எடுக்கணும், அதுவும் கிராவிட்டி ரெண்டு மூணு நாள் அசையாம நின்னுச்சான்னு பாத்துட்டுத்தான் அடைக்கணும். நல்லா குளிர வச்சு, உயரமான கிளாஸ சாய்ச்சுப் புடிச்சு மெதுவா ஊத்தினா நுரை வெள்ளை வெளேர்னு எழும்பி ரொம்ப நேரம் நிக்கும், அந்த நுரையிலதான் புகை வாசனை முதல்ல வரும்.

யாருக்கு செட் ஆகாது? இனிப்பா, கெட்டியா, போதையா வேணும்னு நினைக்கறவங்களுக்கு சத்தியமா பிடிக்காது, தண்ணி மாதிரி இருக்குன்னுதான் சொல்வாங்க. சுட்ட மீனோட ரெண்டு கிளாஸ் அடிச்சிட்டு மறுநாள் காலைல தெளிவா வேலைக்குப் போகணும்னா இதுக்கு மேல ஒண்ணு நான் காய்ச்சினதில்ல, எங்க வீட்ல கோடை காலம் முழுக்க இதுதான் ஓடுது. ஆனா மூணு மாசத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடுங்க, அதுக்கப்புறம் புகை மங்க ஆரம்பிச்சிடும்.